சுள்ளிக் குவியலுக்கு வலப்பக்கம்

என் அப்பா அன்றைக்கு வழியைத் தவறவிட்டாரா, வேண்டுமென்றே மாற்றி நடந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யோசித்தால் கோபம்தான் வருகிறது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்குப் பதினாறு வயது. அப்பா கொச்சியில், மட்டாஞ்சேரி கிடங்கில் மிளகு மூட்டை தூக்கினார். சொந்த ஊர் போடி. அம்மாவின் அண்ணன், என் மாமா, போடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்துக் குரங்கணியில் இருந்தார். அவர் மகனுக்கு என்னைக் கொடுப்பதாகப் பேச்சு. குறித்த நாளில், உச்சிப்பொழுதுக்குள், அவர்கள் குலசாமி கோயிலில் வெற்றிலை மாற்ற வேண்டும். என்னை யாரும் கேட்கவில்லை. மாமன் மகன் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

பஸ்ஸில் சுற்றிப் போகலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா கேட்கவில்லை. சின்ன வயதில் நூறு தடவை இறங்கிய மலை என்றார். முதல் நாள் மூணாறில் தங்கிவிட்டு, விடிந்ததும் ஜீப்பில் டாப் ஸ்டேஷன் போய் நடக்கத் தொடங்கினோம். மூன்று பேர் காலிலும் ரப்பர் செருப்பு. எனக்கும் அம்மாவுக்கும் மட்டாஞ்சேரியில் படகுத்துறைப் படியைத் தவிர ஏறி இறங்க என்ன இருந்தது? காட்டுக்குள் நுழைந்ததும் அட்டை கடித்தது. அப்பா புகையிலையை நனைத்து எங்கள் காலில் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் பனிமூட்டம் வந்து, முன்னால் போன அம்மாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், இடப்பக்கம் ஒரு சுள்ளிக் குவியல். குரங்கணிக்கு இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு பச்சைக் குச்சியை ஒடித்து அதில் போடுவார்கள். மலைச்சாமி துணைக்கு வரும். இதைச் சொன்னதே அப்பாதான். அவரும் ஒடித்துப் போட்டார். கும்பிட்டார். பிறகு வலப்பக்கம் திரும்பி நடந்தார்.

"அப்பா, குச்சி இந்தப் பக்கமல்லே கிடக்குது?"

"பேசாம வா. எனக்குத் தெரியாதா?"

பாதை மேலே ஏறியது. ஏறுதே என்று அம்மா கேட்டதற்கு, ஏறித்தான் இறங்கும் என்றார். வெகுநேரம் நடந்து ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய் விழுந்தோம். கொழுந்து பறிக்கிற பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். கொச்சியிலிருந்து போகிறவர்களுக்குத் தமிழ் கேட்டால் ஊர் வந்த மாதிரிதானே. அம்மா சிரித்தேவிட்டாள். அங்கேயே முகம் துடைத்து, பையிலிருந்த புதுச்சேலையை எடுத்து என்னைக் கட்டச் சொன்னாள். பிறகுதான் கோயில் எங்கே என்று கேட்டாள்.

"குரங்கணிக் கோயிலா? அது மலைக்கு அந்தப் பக்கம்லக்கா. இது கேரளா," என்றாள் ஒருத்தி.

அம்மா செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். உச்சிப்பொழுது எப்போதோ தாண்டியிருந்தது. அப்பா குனிந்து தன் காலிலிருந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

மாமா அதை அவமதிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமே மகனுக்கு வேறு இடத்தில் முடித்தார். அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. வழி தெரியாத மனுசனைக் கட்டியதாக அம்மா சாகும்வரை திட்டினாள். அப்பா ஒருநாளும் பதில் சொல்லவில்லை. எனக்காகச் செய்தார் என்றால், என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்காக இல்லையென்றால், நான் ஏன் அவரை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்?

எண்பதுகளில் என் கணவரோடும் பிள்ளைகளோடும் அதே மலைக்குப் போனேன். நல்ல வெயில். குவியல் அப்படியே இருந்தது. இடப்பக்கப் பாதை நேராகக் கீழே இறங்குவது குழந்தைக்கும் தெரியும். திரும்பி வந்ததும் நேரே அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

அவர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். "நீ போனப்ப மூட்டம் இருந்துச்சா?"

"இல்லை."

"அப்ப உனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை அட்டை கடித்ததா என்று கேட்டார்.