அம்மாவுக்காகக் கேட்ட துஆ

பீர்க்கன்கரணையில் எங்கள் பள்ளிவாசலில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்பே தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் காதோடு சொல்லிவிடுவோம். தொழுகை முடிந்ததும் அரபியில் துஆவை ஆரம்பிப்பவர், கடைசியில் நோயாளிகளுக்காகத் தமிழில் கேட்பார். கூட்டம் மொத்தமும் ஆமீன் சொல்லும். அம்மாவுக்குத் திங்கட்கிழமை இதய ஆபரேஷன். எனக்கு டாக்டரைவிட அந்த ஆமீன்மேல்தான் நம்பிக்கை. அந்த வெள்ளிக்கிழமை சீக்கிரமே போய் ஹஜ்ரத்திடம் சொன்னேன். “கண்டிப்பா கேக்குறேன் பாய்” என்றார்.

தேர்தல் நேரம். கொஞ்ச நாளாகவே ஹஜ்ரத்தின் வெள்ளிக்கிழமை உரையான பயான்மேல் எனக்குச் சந்தேகம். அதுவரை புறம் பேசாதே, பக்கத்து வீட்டுக்காரன் பசித்திருக்க நீ வயிறு நிறையத் தின்னாதே என்று பேசிக்கொண்டிருந்த மனுஷன், திடீரென்று ஓட்டு நம்மை நம்பித் தரப்பட்ட அமானிதம், தகுதியானவரிடம் ஒப்படையுங்கள் என்று ஆரம்பித்தார். யார் அந்தத் தகுதியானவர் என்று மட்டும் சொல்லவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. பேசுவது இவரா, இவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிர்வாகத் தலைவரா? பயான் நடக்கும்போதெல்லாம் நான் தலைவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த இடத்தில் தலையாட்டுகிறார் என்று கவனிப்பேன்.

அன்று தொழுகை முடிந்ததும் தலைவர் ஒரு வேட்பாளரை உள்ளே அழைத்து வந்தார். அவர் தலையில் மடிப்புக் கலையாத புதுத் தொப்பி. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

“அண்ணன் ஜெயிக்கணும்னு துஆ செய்ங்க ஹஜ்ரத்” என்றார் தலைவர்.

ஹஜ்ரத் கையேந்தினார். துஆ அரபியிலேயே நீண்டு, அரபியிலேயே முடிந்தது. தமிழ் வரவே இல்லை. எல்லோரையும்விடச் சத்தமாக ஆமீன் சொன்னவர் வேட்பாளர்தான். பழக்கதோஷத்தில் நானும் சொல்லித் தொலைத்தேன். எதற்குச் சொன்னோம் என்று அப்புறம்தான் எரிச்சல் வந்தது.

கூட்டம் கலைந்ததும் செருப்பு விடும் இடத்தில் ஹஜ்ரத்தை மடக்கினேன்.

“இன்னா ஹஜ்ரத், ஓட்டு கேக்கவும் அல்லாவையே கூப்ட்டாச்சா?”

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அவர் ஜெயிக்கணும்னு ஒரு வார்த்தை கேக்கல பாய். இரக்கமில்லாதவங்கள எங்க தலைமேல உக்கார வெக்காதே ரப்பேன்னுதான் கேட்டேன். அதுக்குத்தான் அவரும் ஆமீன் சொல்லிட்டுப் போறார். தலைவர் காதுல போட்டுடாதீங்க, என் வேலை போய்டும்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே சந்தேகமும் வந்தது. எனக்கு அரபி தெரியாது. இவர் தலைவருக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதை சொல்கிறாரோ?

“சரி, அம்மாவுக்கு இன்னா கேட்டீங்க?”

அவர் சிரிப்பு நின்றது. “அந்தக் களேபரத்துல மறந்துட்டேன் பாய்.”

“திங்கட்கிழமை ஆபரேஷன் ஹஜ்ரத்” என்றேன். அவர் முகம் சுருங்கிப்போய், அங்கேயே செருப்புகளுக்கு நடுவில் நின்று கையேந்தி, கண்ணை மூடி அரபியில் ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“தமிழ்ல கேளுங்க ஹஜ்ரத்.”