கல்லறை கேட்டில் உடைத்த பூசணிக்காய்

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ நகரில் என் மகன் வாங்கிய வீட்டுக்குப் பின்னால், மரவேலிக்கு அப்பால், பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் சொந்தமாக வாங்கிய நிலம். சுற்றியிருந்த அவர்களுடைய வயல்கள் எப்படியோ கைமாறி, இன்று எங்கள் குடியிருப்பாகியிருக்கின்றன. தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். அந்த ‘எப்படியோ’வுக்கு என்ன பொருள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம். செத்தவர்களை மட்டும் காலி செய்ய முடியவில்லை. அங்கே போக எங்கள் தெரு ஒன்றுதான் வழி. தெருக்கோடியில் ஓர் இரும்பு கேட்.

சென்ற வசந்தத்தில் பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்க்காரருக்குப் புதுமனை புகுவிழா. பால் காய்ச்சி முடித்ததும், திருஷ்டிப் பூசணிக்காயைத் தன் வாசலில் உடைத்திருக்கலாம். திருஷ்டியே கல்லறையிலிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்து, நேரே கொண்டுபோய் அந்த கேட்டின்மேல் உடைத்தார்கள். கம்பியெல்லாம் குங்குமச் சிவப்பு. கீழே நசுக்கிய எலுமிச்சம்பழங்கள். யாரும் கழுவவில்லை. அந்தப் பக்கம் யார் போகப்போகிறார்கள்?

ஒருவர் போவார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அவருடைய தாயும் முன்னோரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வருவார். என் காலை நடையில் பார்த்துப் பழக்கம். அந்த ஞாயிறன்று கார்க் கதவைத் திறந்தவர் இறங்காமல் அப்படியே இருந்தார்.

“யார் செய்தது?” என்று கேட்டார். அவர் சிறுமியாக இருந்தபோதும் இந்த கேட்டில் எதையாவது கட்டித் தொங்கவிடுவார்களாம். உள்ளே வராதே என்று அர்த்தம்.

மிரட்டல் இல்லை, கெட்ட கண் படாமல் இருக்க எங்கள் மக்கள் செய்யும் சடங்கு என்றேன்.

“யாருடைய கண்?” என்றார்.

பிறகுதான் வந்த காரணத்தைச் சொன்னார். அவருடைய தம்பி இறந்திருந்தார். சனிக்கிழமை அங்கே அடக்கம். அதற்குக் குழி வெட்ட இடம் பார்க்க வந்தவருக்கு நாங்கள் வைத்திருந்த வரவேற்பு அது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் போனேன்.

“ஏனுங்க அங்கிள், நம்ம கஸ்டம், சம்பிரதாயந்தானுங்களே? இதுல என்ன தப்பு?”

“உங்க வாசல்ல உடைச்சா கஸ்டம். அடுத்தவன் வாசல்ல உடைச்சா என்ன பேரு?”

“அட போங்க. அவங்களுக்கு இப்ப ஸ்லேவரிக்கு நஷ்டஈடு வேற வேணுமாமா. நாமளா பண்ணுனோம்? நாமெல்லாம் நேத்து ஃப்ளைட்ல வந்தவங்க.”

“நீங்க ஃப்ளைட்ல வந்தீங்க. உங்க பேக்யார்டும் கூடவே ஃப்ளைட்ல வந்துச்சா?”

அவர் பயந்துவிட்டார். பயந்தால் மன்னிப்புக் கேட்பது ஒரு வழி. எங்கள் மக்கள் வேறு வழி எடுத்தார்கள். புகார் வந்துவிடும், எனவே கேட்டையே பூட்டிவிடலாம் என்று புதன்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச்சு. மகனிடம் அதிகாரக் கடிதம் வாங்கிக்கொண்டு போனேன்.

“ஜஸ்ட் சேஃப்டிக்காகத்தான், அங்கிள். ரிவ்யூ முடியற வரைக்கும்” என்றார் சங்கச் செயலாளர். சென்னைக்காரர், சாந்தமான குரல்.

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். என் தாலுகாவில் சேரி மக்களின் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போகக் கூடாது என்று ஒருவர்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சட்டம் ஒழுங்கு என்பார்கள், அமைதிப் பேச்சுவார்த்தை என்பார்கள். பேச்சுவார்த்தை முடியும்வரை வெயிலில் பாடை காத்துக் கிடக்கும். அதே ஆட்கள் பாஸ்போர்ட் எடுத்து, விசா வாங்கி, இங்கே வந்து அதே பாதையை மறிக்கிறார்கள்.

எழுந்து சொன்னேன்: “கல்லறைக்குப் போற வழியைப் பூட்ட இந்த மாநிலச் சட்டத்துல இடமில்ல. இது அஜெண்டாவுலயும் இல்ல. அப்படியும் ஓட்டுப் போடறதுன்னா போடுங்க. கை தூக்கறவங்க ஒவ்வொருத்தர் பேரையும் மினிட்ஸ்ல எழுதணும். காப்பி எனக்கு வேணும்.”

தூக்க இருந்த கைகள் தலையைச் சொறிந்தன. கேட் தப்பித்தது. அதுவும் என்னை ஆத்திரப்படுத்தியது. ஒரு மனிதனைப் புதைக்க வேண்டுமே என்பதற்காக ஒரு கைகூடத் தாழவில்லை. பெயர் பதிவாகிவிடுமே என்றுதான் எல்லாம் தாழ்ந்தன.

வெள்ளிக்கிழமை பிரஷ்ஷும் வாளியுமாகப் போய் கேட்டைக் கழுவினேன். சனிக்கிழமை கார்கள் வரிசையாக வந்தன. எங்கள் தெருவில் ஒரு கராஜ் கதவும் திறக்கவில்லை. ஆசிரியை என்னைப் பார்த்து, “நன்றி சொல்ல மாட்டேன். இது எங்கள் இடம்” என்றார். சொல்லக் கூடாது என்றேன். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

திரும்பும்போது கோயம்புத்தூர்க்காரர், சவ வண்டி போன இடத்தை ஹோஸ் பைப்பால் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“வூட்டுக்குப் போயி குளிச்சுப் போடுங்க, அங்கிள்.”

“குளிக்கறதா இல்ல. காபி இருக்கா?”

அவர் வாய் திறப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவருடைய புது சோபாவில், நடு ஹாலில் உட்கார்ந்துகொண்டேன். விரல்களில் மண் அப்படியே இருந்தது. அடுக்களையில் புருஷனும் பெண்சாதியும் கிசுகிசுத்தார்கள். காபி வரவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.