ஆற்றோர விடுதியில் ஒரு பெயர்

ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் இருக்கும் இந்த விடுதிக்குத் தேனிலவுக்காரர்கள்தான் அதிகம் வருவார்களாம். கூரைக்குப் புல் வேய்ந்திருக்கிறார்கள். வரவேற்பறைச் சுவரில் மான் கொம்புகளும் வரிக்குதிரைத் தோலும் தொங்குகின்றன. ஆப்பிரிக்காவில் சாம்பேசி ஆற்றங்கரையில் விடுதி நடத்திய வெள்ளைக்காரர் ஒருவர், சிட்னிக்குக் குடிவந்த பிறகு அதே மாதிரி இதைக் கட்டியிருக்கிறார்.

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் நிற்கும் மலரின் விரல்களையே பார்க்கிறார். மோதிரம் இல்லை. தாலிக்கொடி ஸ்வெட்டருக்குள் கிடக்கிறது.

“நீங்கள் கணவன் மனைவிதானா?”

“போன மாதம்தான் கல்யாணம்” என்கிறேன்.

“உங்களைக் கேட்கவில்லை” என்று அவள் பக்கம் திரும்புகிறார். “இவருடைய பெயர் என்ன?”

மலர் வாய் திறக்கவில்லை. புருசன் பெயரைச் சொல்லும் பழக்கம் அவள் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. பெயரே தெரியாமல் நிற்கிறாள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். சாவி இழுப்பறைக்குள் போகிறது.

“சொல்லுமன்” என்கிறேன் மெல்ல.

அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடிக்கிறாள்.

“சிவநேசன்.”

பொலிஸில் வாக்குமூலம் கொடுப்பவளின் குரல் அது. அவர் சிரித்தபடி சாவியை நீட்டுகிறார். மலர் அதைத் தொடாமல் பெட்டியைத் தூக்குகிறாள்.

“வாங்கோ, போவம்.”

வாசலைத் தாண்டி அவள் பின்னால் நடக்கிறேன். காரில் வரும்போது வழி முழுக்க, ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொல்லும்படி அவளிடம் கெஞ்சிக்கொண்டு வந்திருந்தேன். அவள் சிரித்துச் சிரித்து மறுத்திருந்தாள்.