மாண்புமிகு பஸ் நிறுத்தம்

எங்கள் ஊரில் பஸ் நிற்க வேண்டும் என்று ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதினேன். ஆனால் பஸ் நிற்க வேண்டும் என்று எழுதவில்லை. நிறுத்தும் உத்தேசம் ஏதேனும் உண்டா என்று பணிவோடு விசாரித்து, ஆங்கிலத்தில், இரண்டு பக்கம் எழுதினேன். முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு வாசித்துப் பார்த்து என் நடையில் நானே சொக்கிப்போனதையும் சொல்லிவிடுகிறேன். ஐம்பதை நெருங்குகிற வயதில், கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற ஒருவன் செய்யக்கூடிய காரியமல்ல.

எங்கள் ஊர் திருச்சி சாலையில், கீரனூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது. காலை ஆறே முக்காலுக்கு ஒரு பஸ் வரும், நிற்கும், ஏறிக்கொள்வோம். ஒருநாள் அதே பஸ், அதே டிரைவர், முன் கண்ணாடியில் மட்டும் புதிதாக ‘எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு போர்டு. அன்றிலிருந்து எங்கள் ஊரைக் கண்டால் அதற்கு வேகம் கூடிவிடும்.

இதில் அதிகம் அடிபட்டவர் என் மதினி. அண்ணன் சவுதியில் இருக்கிறான். இருபது வருடம் அடுப்படியில் நின்றுவிட்டு, நாற்பத்திரண்டாவது வயதில் மதினி முதன்முதலாக ஒரு வேலைக்குச் சேர்ந்திருந்தார். திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்கு டோக்கன் போட்டுக் கொடுக்கிற வேலை. அடையாள அட்டை வந்த அன்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தோசை சுட்டார். எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பஸ் நிற்காமல் போனதும், கீரனூர் வரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிற பொறுப்பை நான் ஏற்றேன். நான் ஏழரைக்குக் கண் விழிக்கிற ஜாதி. இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. மூன்றாவது தடவை ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

“ஒங்கள நம்பி நான் போய்ச் சேர்றதுக்குள்ள அங்க வந்த நோயாளிக்குக் கண்ணு தானாத் தெரிஞ்சுரும், கொழுந்தனாரே” என்றார் மதினி. அப்போதுதான் மனு யோசனை வந்தது. ஊரில் எம்.ஏ. இங்கிலீஷ் நான் ஒருவன்தான் என்பதால், யாரும் வேறு ஆளைத் தேடவில்லை.

பேனாவைத் திறந்ததும் எனக்கு ஆஸ்பத்திரி, மதினி, பஸ் எல்லாம் மறந்துபோயின. முப்பது வருடம் முந்தைய ஒரு பிற்பகல்தான் நினைவுக்கு வந்தது. புதுக்கோட்டையில் நான் படித்த கல்லூரியில் மாதிரி நாடாளுமன்றம் என்று ஒன்று நடத்துவார்கள். பெஞ்சுகளை இரண்டு பக்கமும் எதிரெதிராகப் போட்டு, நடுவே ஒரு மேசை. நான் எதிர்க்கட்சி. ஆவூரிலிருந்து வந்துகொண்டிருந்த என் சினேகிதன் உணவு அமைச்சர். அவனுடைய மாமா மாதா கோயில் கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கை நீளம் அதிகம், விரல் நுனி மட்டும்தான் அமைச்சருடையது என்று தெரியும்.

கேள்வி நேரத்துக்காக, லைப்ரரியில் தூசி தட்டி எடுத்த பழைய நாடாளுமன்ற விவாதத் தொகுப்புகளை ஒரு மாதம் படித்திருந்தேன். ‘வில் தி மினிஸ்டர் பி ப்ளீஸ்டு டு ஸ்டேட்’ என்றுதான் ஒவ்வொரு கேள்வியும் ஆரம்பிக்கும். அமைச்சர் மனமுவந்து தெரிவிப்பாரா? எங்கள் வீட்டில் அதுவரை யாரும் யாரையும் மனமுவக்கச் சொன்னதில்லை. வா, தின்னு, படு, எந்திரி, இவ்வளவுதான் பாஷை. இங்கே ஒரு தேசமே, அடுத்தவர் மனம் உவக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் அரிசி எங்கே போனது என்று கேட்கிறது. ‘வில்’ என்றால் கதவைத் தட்டுவது. ‘வுட்’ என்றால் செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தட்டுவது. ‘மே ஐ நோ’ என்றால் கேட்டுக்கு வெளியிலேயே நின்று இருமுவது. ‘மைட்’ வரைக்கும் போனவன் பெரும்பாலும் தட்டாமலே வீடு திரும்பிவிடுவான். எனக்கு ‘மைட்’தான் மிகவும் பிடித்தது.

விடுதி ரசத்தில் புளி சேர்க்கும் உத்தேசம் அரசுக்கு உண்டா, உண்டென்றால் விவரம் என்ன, இல்லையென்றால் காரணம் என்ன என்று நான் எழுந்து கேட்டேன். அமைச்சர் கோட்டுக் கைக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்து வாசித்தான். முதல் பகுதிக்கு, இல்லை ஐயா. மற்றவற்றுக்கு, கேள்வி எழவில்லை. ஹாலே சிரித்தது. ரசம் மறுநாளும் அப்படியேதான் இருந்தது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை. ‘இல்லை’ என்பதை அவ்வளவு அழகாக யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் ஒரு டீயைப் பாதி பாதியாகக் குடித்தபடி, ‘வுட் தி ஆனரபிள் மெம்பர் லைக் சம் மோர் ஷுகர்’ என்று பேசிக்கொண்டோம். டீக்கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். அவன் இப்போது குவைத்தில் இருக்கிறான். போனில் பேசினால் சர்க்கரை நோயைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அந்தச் சாயங்காலத்தின் கிறக்கத்தில்தான் மனு எழுதப்பட்டது. மேற்படி பஸ்ஸை மேற்படி ஊரில் நிறுத்தும் உத்தேசம் ஏதேனும் உண்டா, இல்லையெனில் காரணங்கள் யாவை என்பதைத் தெரிவிக்க அதிகாரி அவர்கள் மனமுவக்கக்கூடுமா? ‘மைட்’ மூன்று இடத்தில் வந்தது. ஊரார் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். இங்கிலீஷில் இருப்பதால் வேலை நடந்துவிடும் என்று நம்பினார்கள். நானும் அதைத்தான் நம்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் நான் அலாரம் வைத்து எழுந்து, மதினியைத் தினமும் சரியான நேரத்துக்குக் கீரனூரில் இறக்கிவிட்டு, பாதித் தூக்கத்தில் ஒரு முறை ஸ்கூட்டரோடு வாய்க்காலில் இறங்கியும் இருந்தேன். உறையை மதினியே பிரித்து என்னிடம் நீட்டினார்.

“என்னவாம்?”

“உத்தேசம் இல்லையாம்.”

“சரி, ஏன் இல்லையாம்?”

“அந்தக் கேள்வி எழவில்லையாம்.”

“முன்னெல்லாம் காலையில நீங்களுந்தான் எழல. அதுக்காக பஸ்ஸையும் நிப்பாட்டாம விட்டுட்டாகளாக்கும்.”

எனக்கோ கோபம் வரவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அதே பதில், அதே ஒழுங்கில். கொஞ்சம் கண் கலங்கியது என்றே சொல்லலாம். மதினி அதைப் பார்த்துவிட்டு, வேலை போகப்போவது தனக்கு, அழுவது நானா என்று கேட்டார்.

அடுத்த நாளே மதினி ஒரு கோடு போட்ட தாளை எடுத்து உட்கார்ந்தார். ஐயா, காலை ஆறே முக்கால் பஸ் எங்கள் ஊரில் நிற்கணுங்க, ஒன்பது பேர் வேலைக்குப் போறோம், நிற்காட்டி வேலை போயிருங்க. அவ்வளவுதான் மனு. நான் எட்டிப் பார்த்து, ‘நிற்கணுங்க’ என்பது சற்று முரட்டுத்தனமாக இருக்கிறதே, ‘நிற்க இயலுமா’ என்று போட்டால் மரியாதையாக இருக்குமே என்றேன்.

“இயலுமான்னு கேட்டா இயலாதும்பாக. அவுகளுக்கு எதுக்கு அந்தச் சங்கடம்?” என்றார் மதினி. “அதான் ‘ங்க’ போட்டிருக்கேன்ல. அது போதும் மரியாதைக்கு.”

ஒன்பது பேரில் ஆறு பேர் லீவு நாளில் டிப்போவுக்குப் போனார்கள். என்னை அழைக்கவில்லை. மேலாளர் அவர்களை உட்காரச் சொல்லி, தாளை வாசித்து, யார் யார் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாராம். மதினி அடையாள அட்டையைக் காட்டினாராம். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அடுத்த புதன்கிழமை ஆறே முக்காலுக்கு, எக்ஸ்பிரஸ் போர்டைக் கழற்றாமலே பஸ் எங்கள் ஊரில் நின்றது. எனக்கு வேலை எதிர்த்திசையில், அதுவும் பத்து மணிக்கு. இருந்தாலும் ஏறிக்கொண்டேன். ஜன்னலோரம் மதினி உட்கார்ந்திருந்தார், எட்டு மணிக்கு முன்னால் போய்விடுகிறவர்களுக்கு உரிய முகத்தோடு. கண்டக்டர் வந்ததும், என் முகம் வாடியிருந்ததைப் பார்த்தோ என்னவோ, “மொதல்ல இங்கிலீஷ்ல மனு எழுதுனது இவுகதான்” என்று மதினி பெருந்தன்மையாக அறிமுகப்படுத்தினார்.

கண்டக்டர் முகம் மலர்ந்தது. அந்தக் கடிதத்தை டிப்போவில் எல்லோரும் சுற்றி நின்று வாசித்ததாகச் சொன்னார். நான் தலையைச் சற்றே தாழ்த்தி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

“ஏதோ ஆராய்ச்சிக்குத் தகவல் கேக்குறீங்கன்னுல்ல சார் பதில் போட்டோம்” என்றார். “பஸ் வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே நிப்பாட்டியிருப்போமே.”