டயரை மண்ணில் இறக்கிய நாள்

1. நடுரோட்டு டிரைவர்

பஸ் ஓட்டிய முதல் நாளே கொண்டக்டர் சூசை என்னிடம் கேட்டான்: "நானா, ரோட்டுக் கரையில என்ன, முள்ளா கிடக்கு?"

மன்னாரிலிருந்து வங்காலையைத் தாண்டிச் சிலாவத்துறைக்குக் காலையில் போகும் தனியார் பஸ் அது. சூசை என்னைவிட இளையவன், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்பவன், மூன்று பிள்ளைகளின் தகப்பன், அந்த ரோட்டில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவன். நான் ஆமியில் இருபத்திரண்டு வருடம் லொறி ஓட்டிப் பென்சனில் வந்தவன். சொந்த ஊர் முசலிப் பக்கம். இளந்தாரியாக இருந்தபோது, சண்டையில் முஸ்லிம் சனத்தை விரட்டியதில், ஊரைவிட்டு வெளியேறிப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். ஏதாவது ஒரு வேலை வேண்டுமே என்று அப்போதுதான் ஆமியில் சேர்ந்தேன். சண்டை முடிந்து சனம் மீளக் குடியேறியபோது நாங்களும் வந்து, பற்றை வெட்டி, பழைய வளவில் வீடு போட்டோம். அல்லாஹ் என் கையையும் காலையும் முழுதாகத் திருப்பித் தந்திருந்தான். அதற்கு நெற்றி நிலத்தில் பட எத்தனை சுஜூது செய்தாலும் போதாது.

ஆமியில் டிரைவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், தாரை விட்டு டயரை இறக்காதே என்பது. கரை மண்ணுக்குள் என்ன புதைந்து கிடக்கும் என்று தெரியாது. இரண்டாவது, யார் கை காட்டினாலும் நிறுத்தாதே. இந்த இரண்டும்தான் என் உயிரைக் காத்தவை. பஸ் ஓட்டுகிறவனுக்கோ இவற்றைவிடக் கெட்ட பாடம் கிடையாது.

பஸ் நிற்கும் ஹோல்ட் வந்தால் நடுத்தாரிலேயே நிறுத்துவேன். சாக்குமூட்டையோடு இறங்குபவர்கள் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்குப் பயந்து எட்டிப் பார்த்து இறங்குவார்கள். மண் ஏற்றி வரும் டிப்பர்காரர்கள் ஹோன் அடித்துத் திட்டுவார்கள். இடையில் கை காட்டியவர்களைப் பார்க்காததுபோலப் போய்விடுவேன். நிறுத்தச் சொல்லிப் பஸ் தகட்டில் தட்டித் தட்டிச் சூசைக்குக் கை கன்றிவிட்டது.

"ரீச்சரை விட்டிட்டு வந்திட்டியள் நானா. அவ வீட்டுப் படலைக்குள்ள நிண்டு கை காட்டினவ."

"அது ஹோல்ட் இல்லையே."

"அவ நிக்கிற இடம்தான் ஹோல்ட். இஞ்ச அப்பிடித்தான்."

மூன்றாவது கிழமை சனம் குறைந்தது. எங்கள் பஸ்ஸைப் போகவிட்டு, பின்னால் வரும் அரசாங்கத்தின் சிவப்பு பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். முதலாளி ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். அவர் கோபக்காரர் இல்லை. "மாசம் முடியட்டும், பாப்போம். சனம் ஏறினாத்தான் அது பஸ். இல்லாட்டி வெறும் தகரம்," என்றார்.

இந்த வேலை போனால் தெற்கில் எங்காவது செக்யூரிட்டி வேலைதான். இருபத்திரண்டு வருடம் லீவில் மட்டும் கண்ட மனைவி பிள்ளைகளை மறுபடி விட்டுப் போகவேண்டும்.

ஆமியில் இருந்ததை ஹாஜியாரையும் சூசையையும் தவிர ரோட்டில் யாருக்கும் சொல்லவில்லை. "லொறி ஓடினவர் எண்டு மட்டும் சொல்லுங்க. பொய் இல்லைதானே?" என்றாள் மனைவி. பொய் இல்லைதான். ஆனால் தொழுகையில் நிற்கும்போது அந்த அரை உண்மை மீன் முள்ளாகத் தொண்டையில் நிற்கும்.

2. வரிசை

அந்தக் கிழமையே ஒரு நாள் வங்காலையைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ரப்பர் கருகும் மணம் வந்தது. மீட்டரில் ஹீட் காட்டும் முள் ஏறியது. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. என் பக்கத்தில் இருந்த என்ஜின் மூடிக்குள்ளால் ஆவி கிளம்பிப் பஸ்ஸுக்குள் பரவியது. நிறுத்தி என்ஜினை ஓஃப் பண்ணினேன். வழக்கம்போல நடுத்தாரில்தான்.

"எல்லாரும் இறங்குங்கோ! கெதியா! சாமானோட இறங்குங்கோ!"

அவ்வளவுதான் சொன்னேன். முன்பக்கம் போய்ப் பெல்ட்டைப் பார்த்துவிட்டு, டூல்ஸ் பெட்டியை எடுக்கத் திரும்பினேன்.

முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. கையில் ஐசி, அடையாள அட்டை. பைகளைக் காலடியில் வைத்துத் திறந்து விட்டிருந்தார்கள். ஒரு பெரியவர் தலையில் இருந்த தொப்பியையும் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் கரையில் பார்த்தேன். இரண்டு பனங்குற்றிகள், மண் நிரப்பிய துருப்பிடித்த பீப்பாய் ஒன்று. ஒரு காலத்தில் ஆமி பஸ்ஸை மறித்து, சனத்தை இறக்கி வரிசையில் விட்டுச் சோதித்த செக்பொயின்ட் இருந்த இடம். நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டைதான். ஆனால் அவர்கள் கேட்டது என் ஆமிக் குரலை.

இதற்குமேல் நான் செய்ததுதான் பிழை. பெண்கள் வரிசையில் முதலாவதாகத் திரேசம்மா அக்கா நின்றா. வங்காலையில் இருந்து சிலாவத்துறைக்குக் கருவாடு வாங்கப் போகிறவ. அவ ஐசியை நீட்டினா. என் கை தானாக நீண்டு அதை வாங்கியது. படத்தைப் பார்த்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். மறுபக்கமும் திருப்பினேன்.

அவ என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டா: "தம்பி, நீர் ஆமியில இருந்தனீரோ?"

சூசை ஓடி வந்தான். "சீச்சீ, நானா தெற்கில லொறி ஓடினவர் அக்கா..."

"ஓம் அக்கா, இருந்தனான்," என்றேன். "இருபத்திரண்டு வருசம். லொறி ஓடினன். செக்பொயின்டில சென்ட்ரிக்கும் நிண்டனான். இந்த இடத்தில இல்லை, ஆனா நிண்டனான்."

வேலை போய்விட்டது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். ஆனால் தொண்டையில் இருந்த முள்ளும் போய்விட்டது.

திரேசம்மா அக்கா ஐசியை வாங்கி மணிபேர்சுக்குள் வைத்தா. "இதில வச்சுத்தான் என்ர மகனை இறக்கிப்போட்டு பஸ்ஸை அனுப்பினவங்கள். நானும் இறங்கி வெயிலுக்க நிண்டனான். பின்னேரம் விட்டவங்கள். இப்ப அவன் ரெண்டு பிள்ளையளுக்குத் தகப்பன்," என்றா. பிறகு வரிசையைத் திரும்பிப் பார்த்தா.

"அதுசரி, நீங்கள் எல்லாரும் என்னத்துக்கு லைனில நிக்கிறியள்? அறுந்தது பெல்ட்தானே?"

"நான் உங்களைப் பாத்துத்தான் நிண்டனான் அக்கா," என்றார் தொப்பிக்காரப் பெரியவர்.

"நான் ரீச்சரைப் பாத்து," என்றார் இன்னொருவர்.

"என்னைச் சொல்லாதேங்கோ. எனக்குக் கால் தன்ர பாட்டில போய் நிண்டிட்டுது," என்றா ரீச்சர். யாரோ சிரித்தார்கள். பெரியவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

அதற்குள் பின்னால் ஒரு டிப்பர் வந்து நின்றது. "ஓரமாக்கும் ஐசே!" என்று அதன் டிரைவர் கத்தினான். கொதித்த என்ஜினை ஸ்டார்ட் பண்ண ஏலாது. வரிசையில் நின்ற ஆண்கள் எல்லாரும் பின்னால் போய்த் தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கில் இருந்தேன்.

"வெட்டுங்கோ நானா, கரைக்கு வெட்டுங்கோ," என்று பின்னால் இருந்து கத்தினான் சூசை.

கை திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தேன்.

திரேசம்மா அக்கா ஜன்னலுக்குக் கிட்ட வந்தா. "என்ன தம்பி?"

"கரையில மிதிவெடி அக்கா..."

"அதெல்லாம் எடுத்து எவ்வளவு காலம். இதில எங்கட மாடு மேயுறது."

"தெரியும் அக்கா. மனசுக்குத் தெரியும். கை கேக்குதில்லை."

அவ சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தாரில் இருந்து மண்ணில் இறங்கினா. பஸ்ஸுக்கு முன்னால், செருப்புத் தடம் நன்றாகப் பதிய, மெதுவாக நடந்தா. பத்து அடி போய்த் திரும்பி, "இந்தா, இந்தக் காலடியில டயரை விடும்," என்றா.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஸ்டியரிங்கை வெட்டினேன். இடது டயர் தாரை விட்டுச் சரிந்து மண்ணுக்குள் இறங்கியது. பற்றைக்குள் இருந்து ஓர் ஓணான் ஓடியது. வேறொன்றும் நடக்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்," என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பின்னால் தள்ளிக்கொண்டிருந்த சூசை, "ஆமென்," என்றான்.

ஸ்பெயார் பெல்ட் பெட்டியில் இருந்தது. போட்டு இறுக்கி, என்ஜின் ஆறும்வரை இருந்து, சனம் தந்த போத்தல் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றினேன்.

3. மறுநாள்

மறுநாள் காலையில் வங்காலையில் ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். திரேசம்மா அக்கா ஹோல்டில் இல்லை. ஹோல்டுக்கு முன்னால், தன் வீட்டுப் படலையடியில் நின்று கை காட்டினா. சிக்னல் போட்டு, இடது பக்கத்து டயர் இரண்டையும் மண்ணில் இறக்கி நிறுத்தினேன். அவ ஏறிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "ஏறுங்கோ, இண்டைக்கு ஐசி தேவையில்லையாம்," என்றா. பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

எல்லாரும் ஏறவில்லை. ஒரு மனிதர் கனகாலம் சிவப்பு பஸ்ஸுக்குத்தான் நின்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் எந்த வரிசையில் நின்றாரோ, எவ்வளவு நேரம் நின்றாரோ, எனக்குத் தெரியாது. மாசக் கடைசியில் ஹாஜியார், "நாளைக்கும் வாங்க," என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கைகால் கழுவி ஒளுச் செய்து இரண்டு ரக்அத் தொழுதாள்.

இப்போது பஸ் ஓட வரும் டிரைவர்மாருக்கும், என்னைப்போல் ஆமி உடுப்பைக் கழற்றிவிட்டு வேறு வேலைக்கு வருபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். படித்த பாடம் பிழையில்லை. அது வேறு ரோட்டுக்குப் படித்தது. இந்த ரோட்டில் எங்கே நிறுத்துவது என்பதைச் சனத்திடம் கேளுங்கள். இறக்கவேண்டி வந்தால் காரணத்தை முதலில் சொல்லுங்கள்: "பெல்ட் அறுந்துபோச்சு, கொஞ்சம் இறங்குங்கோ."

நான் இப்போது அப்படித்தான் சொல்கிறேன். சனம் முணுமுணுத்துக்கொண்டு, ஆளை ஆள் இடித்துக்கொண்டு, பாதிப் பேர் இறங்காமலும் இருக்கும். இறங்கியவர்கள் நிழலைத் தேடி நாலு பக்கமும் போய் நிற்பார்கள். அப்படி ஒழுங்கில்லாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருக்கும்.