அக்கரைக் கம்பெனிக்கு என்னைக் கொடுத்தார்கள்

என்னிடம் இன்னும் இருக்கும் ஒரு கடிதத்தின் தேதி 1979 பிப்ரவரி 12. கொச்சித் துறைமுகத்தின் வெலிங்டன் தீவில் இருந்த ஒரு கப்பல் ஏஜென்சி, மட்டாஞ்சேரியில் குடியிருந்த எனக்கு, ஏற்றுமதிப் பத்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை தருவதாகத் தட்டச்சு செய்து அனுப்பியது. மாத முடிவுக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அன்றைய டைரியில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "கடிதம் வந்தது. வீட்டில் சொன்னேன். கடையில் சொல்லவில்லை."

கடை என்று நான் எழுதியது மட்டாஞ்சேரி பஜாரில் இருந்த ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியை. எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அந்தக் கடையில் சேர்ந்தேன். போடிக்கும் விருதுநகருக்கும் தமிழில் கடிதம் எழுத அங்கே வேறு ஆள் இல்லை. பிறகு ஆங்கிலக் கடிதங்களும் என் மேசைக்கு வந்தன. சரக்குப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு படகில் தீவுக்குப் போய் கஸ்டம்ஸில் கொடுத்து வருவதும் என் வேலையானது.

கடையின் முதலாளி ஒரு குஜராத்தி சேட்டு. என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர், அப்பாவிடமிருந்து கடையை ஏற்றுக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. பஜார் மலையாளமும் போடி வியாபாரிகளிடம் கற்ற தமிழும் கலந்து பேசுவார். கேரளத்தில் தமிழன் என்றால் அண்ணாச்சிதானே, அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். மழைக்காலத்தில் கடையில் வேலையே இருக்காது. மாடியில் காயலைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, நூலகத்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாக முடிப்பேன். சேட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். மிளகு சீசன் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு.

தீவுக்குப் போய் வந்ததில்தான் அந்த ஏஜென்சியின் மேனேஜரைத் தெரியும். ஜனவரியில் ஒரு நாள், ஒரு தடவை ஆபீசுக்கு வாருங்கள், பேசலாம் என்றார். கடையில் என்ன சொல்லிவிட்டுப் போவது? எறணாகுளத்தில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி லீவு வாங்கினேன். நேர்காணல் நன்றாகவே நடந்தது. ஆள் அவசரமாக வேண்டும் என்று ஆரம்பித்த மேனேஜர், கடைசியில், சீசன் கழிஞ்ஞு ஜூனில் வந்தால் போதும் என்றார். எங்கள் கடை சீசனைப் பற்றி இவருக்கு என்ன கவலை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஹெட் கிளார்க் கேட்டார், "கண்ணு எங்ஙனயுண்டு?" அவர் மலையாளி, சேட்டுவின் அப்பா காலத்து ஆள், நாங்கள் எல்லோரும் சேட்டன், அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். பரவாயில்லை சேட்டா என்றேன். அதோடு விடவில்லை. சொட்டு மருந்து கொடுத்தார்களா என்றார், கண்ணாடி போடச் சொன்னார்களா என்றார். வாரம் ஒரு முறையாவது என் கண் நலத்தை விசாரித்துக்கொண்டே இருந்தார். எத்தனை நல்ல மனுஷன், இவரிடம் போய் பொய் சொன்னோமே என்று எனக்கு உறுத்தும்.

கடிதம் வந்த பிறகுதான் நிஜமான அவஸ்தை. என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள், முதல் பிரசவம். தீவுக் கம்பெனியில் ஆஸ்பத்திரிச் செலவு தருவார்கள், பிராவிடண்ட் ஃபண்ட் உண்டு, சம்பளமும் அதிகம். அவளுக்கு இதில் யோசிக்கவே எதுவும் இல்லை.

"அங்க ஞாயித்துக்கெழம லீவு. இங்க சேட்டுக்கு ஜலதோஷம் பிடிச்சாத்தான் உங்களுக்கு லீவு" என்றாள்.

நான் சேட்டுவுக்காகப் பரிந்து ஏதோ சொன்னேன். மாடி ஜன்னலைப் பற்றியும் சொன்னேன்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னைக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு. வேலையை விடுவது எனக்குப் பயமாக இல்லை, சேட்டுவின் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் அங்கே சாப்பிட்ட சோறு, நடு சீசன், தமிழ்க் கடிதம் எழுத ஆள் கிடையாது. போகிறேன் என்றால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன், போகவில்லை என்றால் பிறக்கப் போகிற குழந்தைக்குத் துரோகம். இதற்கு நடுவில் எனக்கு எது பிடிக்கும் என்று ஒரு நாள்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. வருகிறேன் என்று ஒரு பதிலும், மன்னிக்கவும் என்று ஒரு பதிலும் எழுதி, இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பிப்ரவரி கடைசி வாரம், ஒரு மத்தியானம். கிடங்கில் மிளகு மூட்டைகளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுமைக்காரர்கள் சாயா குடிக்கப் போன நேரத்தில், சேட்டு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, கண்ணு சரியாச்சோ?"

சரியாகிவிட்டது என்றேன்.

கிடங்கின் பின்வாசல் காயலைப் பார்த்துத் திறக்கும். எதிரே தீவின் கிரேன்கள் தெரியும். அவர் அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அக்கரை தெரியுதா?"

பின்னால் ஹெட் கிளார்க் சேட்டன் தோளிலிருந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தேன். இருவருக்கும் எல்லாம் தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு சேட்டு சாவகாசமாகச் சொன்னார். மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு கடை ஆளை இன்னொரு கடை எடுக்க வேண்டுமென்றால், முதலில் பழைய முதலாளியிடம் வந்து கேட்க வேண்டும். அவர் சரி என்றால்தான் ஆளிடம் பேசலாம். எழுதாத சட்டம். முதலாளிகளுக்குள் இருக்கும் வழக்கமாதலால் எனக்குத் தெரியவில்லை. தீவு மேனேஜரின் குடும்பமும் பஜாரில் வியாபாரம் செய்தது என்பதால் அவரும் அப்படியே நடந்துகொண்டார். எனக்கு நேர்காணல் நடப்பதற்கு முன்பே கடைக்கு வந்து, சேட்டு எதிரில் உட்கார்ந்து சாயா குடித்துவிட்டுப் போயிருக்கிறார். நான் கஸ்டம்ஸ் ஆபீசில் வரிசையில் நின்ற ஏதோ ஒரு நாள்.

"கேட்டு வந்தாங்க. நான் கொடுத்தாச்சு" என்றார் சேட்டு.

கூச்சம் போய் எனக்குக் கோபம் வந்தது. இவரை எப்படி விட்டுப் போவது என்று நான் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன், இவர் ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுப்பது போல என்னைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அப்ப நான் இங்க வேண்டாமா?" என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

சேட்டு முகத்தில் விளையாட்டு போய்விட்டது. "வேண்டாத ஆளை யாராவது சீசன் முடியாம தர மாட்டேன்னு சண்டை போடுவாங்களா? அவர் உடனே வேணும்னார். ஜூனுக்கு முன்னாடி தர முடியாதுன்னுட்டேன்."

பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் மூட்டையிலிருந்து உதிர்ந்திருந்த மிளகைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"சொன்னா நீங்க என் முகத்தைப் பார்ப்பீங்க. போகச் சொல்றேனா, இருக்கச் சொல்றேனான்னு. எந்த முகத்தை வச்சுக்கறதுன்னு எனக்கே தெரியல" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் கொடுத்தது என் சம்மதம்தான். உங்க சம்மதம் உங்ககிட்ட. இருக்கணும்னா இருங்க, அக்கரைக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார்.

சுமைக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நேராகப் போகாமல் படகுத்துறையில் போய் நின்றேன். நன்றி, துரோகம் என்று நான் சுமந்துகொண்டிருந்ததை எல்லாம் சேட்டு வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். மிச்சமிருந்தது ஒரு சின்னக் கேள்வி: எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா? அப்போதுதான் தெரிந்தது. தீவுக்குப் போகும்போதெல்லாம், வேலை முடிந்த பிறகும், எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து எப்போது வந்தது என்று பலகையில் எழுதிப் போட்டிருப்பதைப் படித்துக்கொண்டு நிற்பேன். படகைத் தவறவிட்டும் நின்றிருக்கிறேன். எதற்கும் தேதி எழுதி வைக்கும் பைத்தியம் பிடித்த ஒருவனுக்கு அதைவிட நல்ல இடம் எது? இரண்டு பதில்களில் ஒன்றைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் சேட்டுவிடம், போகிறேன் என்றேன். நல்லது, போடிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், உட்காருங்கள் என்றார்.

மே மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஜூனில் வேலைக்குச் சேரும் நாள் காலையில், குடையோடு வாசலில் ஹெட் கிளார்க் சேட்டன் நின்றார். கொடுத்த ஆளைக் கொண்டுபோய் விட வேண்டும், அதுவும் வழக்கமாம். என் மனைவி குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு, "எங்கப்பாவும் என்னைப் புகுந்த வீட்டுக்கு இப்படி ஆள் போட்டுத்தான் அனுப்பினார், தானே வரல" என்றாள். மழையில் இருவரும் படகேறினோம். சேட்டன் கையில் சேட்டு வீட்டு இனிப்புப் பொட்டலம். தீவு ஆபீசில் எல்லோரும் நிமிர்ந்து பார்க்க, பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்து வந்த பிள்ளை மாதிரி நான் நின்றேன். சேட்டன் பொட்டலத்தை மேனேஜரின் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஞங்ஙட ஆளாணு. நோக்கிக்கோளணே." எங்கள் ஆள், பார்த்துக்கொள்ளுங்கள். மேனேஜர் எழுந்து நின்று அதைக் கேட்டுக்கொண்டார். பிறகு சேட்டன் என் பக்கம் திரும்பாமலே மழையில் இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் கம்பெனியிலேயே கடைசி வரை வேலை பார்த்தேன், குறையில்லை. பின்னாளில் எனக்குக் கீழே இருந்த சிலருக்கு வேறு இடம் அமைந்தபோது, நானும் அவர்களைக் கொண்டுபோய் விட்டு வந்திருக்கிறேன். அந்தப் பையன்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

எண்பதுகளின் நடுவில் சேட்டு கடையை மூடிவிட்டுப் பம்பாய்க்குப் போனார். அதற்குப் பிறகு, பள்ளுருத்தியில் ஒரு கல்யாண வீட்டில் ஹெட் கிளார்க் சேட்டனைப் பார்த்தேன். நல்ல வயதாகியிருந்தது. பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அன்று மேனேஜர் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வரவே இல்லையாம், பத்திரம் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்றுதான் கேட்டாராம், என் பெயரைச் சொன்னது சேட்டுவாம். அப்போதே கடை நீடிக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்ததாம். மேனேஜரிடம் கேட்டேன், ஞாபகமில்லை என்றார். சேட்டு ஒரு முறை கொச்சிக்கு வந்தபோது அவரிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, பெண் என்ன படிக்கிறாள் என்றார். சேட்டன் இப்போது இல்லை. ஆகவே இதை உறுதிப்படாத செய்தி என்றே குறித்து வைத்திருக்கிறேன். உண்மையாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்படும் ஒன்றை, சாட்சி இல்லாமல் உண்மை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.