கடைசிப் பக்கத்திலிருந்து படித்தவர்

ஆரணியிலிருந்து வேலூர் போகும்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கும் அந்த ஒல்லி மனிதரை நான் நம்பவில்லை. புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவார். கட்டம் கட்டமான எழுத்துகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைப்பார். புடவை டிசைனைக் கட்டத்தாளில் நெசவுக்காரர்கள் நாங்களும் அப்படித்தான் புள்ளி வைத்துக் குறிப்போம். ஒருநாள் என் பையில், ஊரில் யாரும் பார்க்காத புது பார்டர் போட்டு நான் நெய்த பட்டுப்புடவை. விசைத்தறிக்காரன் கண்ணில் பட்டால் ஒரே வாரத்தில் அதன் நகல் பாதி விலைக்கு வந்துவிடும்; இவர் அவன் அனுப்பிய ஆளாக இருந்தால்?

கண்ணமங்கலம் தாண்டியதும் கேட்டேவிட்டேன்.

“இன்னா புக்குங்க இது?”

“ஜப்பான் கதைங்க. அவங்க புக்கு பின்னாலேர்ந்துதான் ஆரம்பிக்கும். பாஷை கத்துக்கினு இருக்கேன். தெரியாத வார்த்தைக்கெல்லாம் புள்ளி.”

“இந்தப் பக்கத்துல இன்னா போட்டிருக்கு, சொல்லுங்க பார்ப்போம்.”

அவர் முகம் வாடியது. “இந்தப் பொண்ணுக்கு அவனைப் புடிச்சிருக்குங்க. பதினோரு புக்கா வாயைத் தொறந்து சொல்ல மாட்டேங்குறா. ஒரே பேஜாரா இருக்குது.”

சொந்தத் தங்கைக்கு வரன் தட்டிப்போனதுபோல் பெருமூச்சு விட்டார். நல்ல நடிப்பு என்று நினைத்துப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

கல்யாண சீசனே முடிந்துவிட்டது. என் பார்டர் இதுவரை எந்த விசைத்தறியிலும் வரவில்லை. அப்படியானால் அந்த மனிதர் நிஜமாகவே ஒரு கதைப் பெண்ணுக்காகவா பெருமூச்சு விட்டார்? அதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.